மறுக்கா

மழை ஏழு மணிக்கு விட்டது.
அவிநாசி சாலையில் பாலத் தூண்களுக்கு நடுவே
நின்றுபோன பஸ்களிலிருந்து இறங்கி
நடந்தே வந்திருந்தார்கள் பாதிப் பேர்.
அரங்கமெங்கும் ஈரச் செருப்பு வாசனை.

முப்பத்தொரு வருசம்.
பம்ப் கம்பெனி லேத்திலிருந்த குருந்தாசலத்தை
ஹார்ன் ஊத வைத்தவர்.
"பாலக்காட்டுக் கணவாய்க் காத்தாட்டம்,
எங்கிருந்து வருதுன்னே தெரியப்படாதுங்" என்பார்.
டில்லியில் கொடுத்த வெண்கலக் கேடயத்தை
ரிகர்சல் அறைக் கதவு அடிக்காமலிருக்க
முட்டுக் கொடுத்திருந்தார்.

நஞ்சப்பன் மாஸ்டருக்கு இடது காது
போன தையிலிருந்து சுத்தமாகக் கேட்பதில்லை.
அவர் சொல்லவில்லை.
நாங்கள் ஐம்பத்திரண்டு பேரும் தெரியாதவர்களாகவே வாசித்தோம்.
பேச வேண்டுமென்றால்
டீ கிளாஸை நீட்டுகிற சாக்கில்
வலப்பக்கம் போய் நின்றுகொள்வோம்.

கடைசி உருப்படி.
இன்னும் நாற்பது பார் என்று எண்ணிக்கொண்டே வந்த நான்
ஏன் அப்படிச் செய்தேன்?
பத்தொன்பது வருசத்தில் ஒருநாளும் பிசகாத இடம்.
மூன்றாம் விரலை
ஒரு நெல்லளவு மேலே வைத்தேன்.

நிறுத்துவார். எப்போதும் நிறுத்துவார்.
கலெக்டர் இருந்தாலும் நிறுத்துவார்.
இன்னும் ஒருதரம். அவ்வளவுதான் என் ஆசை.

வில் இறங்கிய பிறகுதான் உறைத்தது,
நான் உட்கார்ந்திருப்பது அவருக்கு இடப்பக்கம்.

ஒரு பார் போனது.
குச்சி போய்க்கொண்டே இருந்தது.
ரெண்டு.
பக்கத்து நாற்காலி ரோஸ்லின் திரும்பிப் பார்த்தாள்.
அந்தப் பார்வை இன்னும் என் கழுத்தில் இருக்கிறது.
ஆயிரம் பேர் முன்னால் அவர் காதை
நானே அவிழ்த்துக் காட்டிவிட்டேன்.
மூணு.

டக், டக்.
ஸ்டாண்டில் குச்சி.
மாஸ்டர் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு
புதன்கிழமை ரிகர்சலில் சலித்துக்கொள்கிற அதே குரலில்
"மறுக்கா" என்றார்.
"மூணாம் விரலு, சாமீ."

கேட்டாரா,
விரலைப் பார்த்தாரா,
ரோஸ்லின் முகத்தைப் பார்த்தாரா.

வாசித்தோம்.
அந்த இடம் வந்தபோது சுத்தமாக வைத்தேன்.
அவர் என் பக்கம் திரும்பவில்லை.
ஹார்ன் வந்தது, எங்கிருந்தென்று தெரியாமல்.

பொன்னாடை, ஆளுயர மாலை, எழுந்து நின்ற கைதட்டல்
எல்லாம் நடந்தன.
பத்தரைக்கு எதிர்த்த பேக்கரியில்
எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை மறந்து
"மாஸ்டர், சர்க்கரை போடச் சொல்லட்டுங்களா?" என்றேன்.

அவர் தேங்காய் பன்னைப் பிட்டுக்கொண்டே
மழை திரும்பப் பிடிப்பதைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.