வலது மட்டும்

எங்கள் லைன் இடதுகால்.
எதிர் லைன் வலதுகால்.
நடுவில் கோதண்டம் சார், கையில் டார்கெட் அட்டை:
மணிக்கு நூற்றிப்பத்து.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு
தில்ஷாத் மெஷினை அணைத்தாள்.
கழிவறைக்குப் போக வேண்டும். நாற்பது பேருக்கு ஒரு டோக்கன்,
அது எவள் இடுப்பில் இருந்ததோ.
முதலில் அவ்வளவுதான்.
பிறகுதான் அது பஞ்சப்படி ஆனது, பிஎஃப் ஆனது,
எட்டு வருடமாக ஏறாத இருநூறு ரூபாய் ஆனது.

வலது லைன் முழுக்க நின்றபோது
கூரைத் தகரத்தில் புறா நடப்பது கேட்டது.
நான் சேர்ந்த நாளிலிருந்தே அங்கே புறா இருந்திருக்கிறது.

ஆம்பூர் பைபாஸில் கன்டெய்னர் காத்துக்கிடந்தது, ஹாம்பர்க் போக.
அந்த ஊரை நான் அட்டைப்பெட்டியில்தான் படித்திருக்கிறேன்.
ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரம்மாவிடம்
ஜோடி என்ன விலை என்று எஸ்தர் கேட்டாள்.
மொழிபெயர்த்தவன் வேறு எதையோ சொன்னான்.
ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தோம்:
நூற்றி நாற்பது,
பக்கத்தில் இரண்டு கோடு போட்ட பிறை.

வேலூர் லேபர் ஆபீசில் முத்தரப்புப் பேச்சு, நான்கு தடவை.
எங்கள் தரப்புக்கு மட்டும் நாற்காலி போதவில்லை.
குடோனில் நாலாயிரத்து முன்னூறு இடதுகால்கள்.
"நொண்டிக்கிட்டே போற தேசம் ஒண்ணு இருந்தா
இந்நேரம் வித்திருப்பானுங்க" என்றாள் எஸ்தர்.
கேட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் மொபெட்.
ஏஜென்ட் பையன் மூட்டையை இறக்குகிறான்.
என் ஓரகத்தி பிலோமினா பாயில் உட்கார்ந்து
ஊசி கோர்க்கிறாள்.
ஜோடிக்கு எட்டு ரூபாய் தந்தவர்கள்
இப்போது ஒற்றைக்குப் பதினாலு.
எல்லாம் வலது.

அவளுக்குத் தெரியும்.
பெரியவனுக்கு பாலிடெக்னிக் ஃபீஸ், திங்கட்கிழமை கெடு.
ஒன்பது நாளாக என் தட்டில் விழுந்த சோறும்
அவள் தைத்ததுதான்.
கேட்டில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.
கேன் தண்ணீர் ஊற்றிக் குடித்தேன்,
அவளுக்கும் ஒரு டம்ளர் வைத்தேன்.
(ஷெட் கழிவு இறங்கிய எங்கள் கிணற்றில்
துணிகூட அலசுவதில்லை.)

ராத்திரி ஒன்றரைக்கு விழிப்பு.
தோலில் நூல் இழுபடும் சத்தம்.
படுத்தபடியே எண்ணினேன். ஏழு. எட்டு.
பதினொன்றுக்கு மேல் எண்ண எதுவும் வரவில்லை.
லைட் மட்டும் வெகுநேரம் எரிந்தது.

காலையில் மூட்டையைக் கட்டிப் பையனிடம் தள்ளினாள்.
"நூல் கலர் சேரல."
பதினொன்றுக்கு உண்டான கூலியைக் கறாராகக் கேட்டு வாங்கினாள்,
நூற்றைம்பத்து நாலு,
நான்கு ரூபாய்ச் சில்லறைக்கு அவனை நிறுத்தியும் வைத்தாள்.

அவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினான்.
திறந்தது.
மூட்டை உள்ளே போனதா, நான் பார்க்கவில்லை.
ஏழரைக்குள் கேட்டில் இருக்க வேண்டும்,
பஸ் வேறு கம்பெனி பஸ் இல்லை இப்போது.