இருபதடி ஏணி

எங்கள் பந்தல் சாமான் கிடங்கு பதினைந்தடி நீளம்.
ஏணி இருபது.
மிச்ச ஐந்தடி புளியந்தோப்புத் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்
நுனியில் சிவப்புத் துணியோடு.
தண்ணீர் கேன் போடுகிறவர் அதில் இரண்டு முறை
தலையை இடித்துக்கொண்டிருக்கிறார்.

மாடர்ன் பிசிக்ஸ் அரியர், இரண்டாம் தடவை.
ஒளியின் வேகத்தில் ஐந்தில் நாலு பங்கில்
ஓடிவரும் ஏணி
தன்னைவிடக் குட்டையான கொட்டகைக்குள் அடங்குமா?
பெனினா புத்தகத்தை மூடினாள்:
"எதுக்குக் கொட்டகை? உன் கிடங்கையே எடுத்துக்கோ."

கிடங்கில் நின்று பார்த்தால்
இருபது சுருங்கிப் பன்னிரண்டு.
அடங்கும். மூன்றடி மிச்சமும் உண்டு,
சாம்பார் வாளிகளை அடுக்கலாம்.
ஏணிமேல் உட்கார்ந்து வந்தால்
ஏணி அதே இருபது,
எதிரே பாய்ந்துவரும் கிடங்குதான் ஒன்பதடி.
அடங்கவே அடங்காது.

கண்ணுக்கு அப்படித் தெரியுது, அவ்வளவுதானே என்றேன்.
இல்லை என்றாள்.
மூங்கில் நசுங்குமா என்றேன்.
"ஒரு கணுவுக்கும் ஒண்ணும் ஆகாது.
சுருங்கினது மூங்கிலுக்கே தெரியாது."
தப்பான வரியை அவள் அடிக்கமாட்டாள்.
பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.
இன்னொரு தடவை யோசி என்று அர்த்தம்.

பின்பக்கமும் ஒரு ஷட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டோம்.
(கிடையாது. பின்பக்கம் சுவர், அதற்கப்புறம் நாறும் கால்வாய்.)
ஏணி உள்ளே இருக்கும் கணத்தில்
இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கி உடனே ஏற்ற வேண்டும்.

இந்த "ஒரே நேரத்தில்"தான் முள்.
நீளத்தையே அளந்துகொண்டிருந்தோம் மூன்று வாரமாக.

ஏணிக்காரனுக்குப் பின் ஷட்டர் முதலில்
இறங்கி ஏறிவிடுகிறது.
தலை அந்தப் பக்கம் வெளியே போய்
வால் வாசலுக்குள் வந்த பிறகுதான்
முன் ஷட்டர்.
எதுவும் எதிலும் இடிக்கவில்லை.
கிடங்குக்காரனும் பொய் சொல்லவில்லை.
அவனுடைய இப்போது வேறு,
இவனுடைய இப்போது வேறு.

"பின் ஷட்டர் ஏறாம சிக்கிக்கிட்டா?"
எங்கள் ஷட்டரைத் தெரிந்தவன் கேட்கிற கேள்வி.
வியாசர்பாடி ஜீவா தாண்டும்வரை
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பேசின் பிரிட்ஜ் சிக்னலில்
ரயில் வழக்கம்போல நின்றது.
குலுங்கல் ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து
கடைசிப் பெட்டிக்கு வந்து எங்களைத் தள்ளியது.
"பாத்தியா, முன்னாடி முதல்லயே நின்னாச்சு.
நமக்கு இப்பதான் தெரியுது."

தலை இடித்த சேதி வாலுக்குப் போய்ச் சேர வேண்டும்.
ஒளியை முந்தி எந்தச் சேதியும் போகாது.
அதுவரை வால்
பழைய வேகத்திலேயே உள்ளே வந்துகொண்டிருக்கும்.
ஆகவே விறைப்பான ஏணி
இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை.
அவள் இதைச் சொன்ன உற்சாகத்தில்
எதிர் சீட்டுக்காரர் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார்.

அடுத்த பத்து நாள் அவள் வரவில்லை.
காய்ச்சலாக இருக்கும்.
இரட்டையர் கணக்கை நானே போட்டேன்.
ஊர்சுற்றித் திரும்பியவன் ஏன் இளையவன்,
திரும்பும்போது மாறுவது யாருடைய கணக்கு என்று
நாலு பக்கம்,
புள்ளி வைக்க ஓரம் விட்டு.
ஜன்னலோரத்தில் பையை வைத்து இடம் பிடித்தேன்.

பதினோராம் நாள் ஆபீஸ் கிளார்க் சொன்னார்:
"டி.சி. வாங்கிட்டுப் போயிடுச்சேப்பா அந்தப் பொண்ணு,
மூணாம் தேதியே."
ஒரகடத்தில் செல்போன் கம்பெனி. நைட் ஷிப்ட்.

மூணாம் தேதி என்ன கிழமை என்று எண்ணிப் பார்த்தேன்.
சிக்னலில் நின்ற அன்றைக்கு மறுநாள்.

நவம்பரில் அதே கேள்வி வந்தது, பத்து மார்க்.
இரண்டு ஷட்டரும் வரைந்தேன்.
சந்தேகமான ஒரு வரிக்குப் பக்கத்தில்
என்னை அறியாமல் ஒரு புள்ளி வைத்துவிட்டேன்.
திருத்துகிறவர் மைக்கறை என்று நினைத்திருப்பார்.

மழையில் சிவப்புத் துணி வெளுத்துப்போயிருந்தது.
நேற்று வேறு கட்டினேன்.