எடைமேடை

இந்த மேடைக்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
இருபது கிலோவுக்குக் கீழே எதுவும்
சிலேசியாவில் எடையில்லாதது:
ஓட்டுநரின் பக்கத்து இருக்கைப் பூனை,
கண்ணாடியில் தொங்கும் மாதா,
நான் கையெழுத்திட்டு நீட்டும் சீட்டு.

லாரி காலியாக வரும், நிறுப்பேன்.
நிலக்கரியோடு திரும்பும், நிறுப்பேன்.
பெரியதில் சிறியது போக
மிஞ்சுவதுதான் இந்த ஊர்.
நீச்சல் குளம், பித்தளை வாத்தியக் குழு,
என் கடைவாய்ப் பல்லின் உறை
எல்லாம் அந்தக் கழித்தலில் வந்தவை.

விலை ஏறிய குளிர்காலத்தில்
வாசலில் மூன்று நாள் வரிசை.
கார்களுக்குள் போர்வை, பிளாஸ்கு,
யாரோ ஒரு பிள்ளையின் வீட்டுப்பாடம்.
தலைநகரிலிருந்து வந்தவர்
கரிக்குவியல் முன் நின்று
"இருநூறு வருடத்துக்குக் காணும்" என்றார்.
அடுத்த கோடையில் கடலோரம்
ஒரு காற்றாலை முன் நின்றார்.
தொலைக்காட்சியில் பார்த்தேன். அதே மேல்கோட்டு.
ஒரு பொத்தான் மட்டும் வேறு நூலில் தைத்திருந்தது.

இடையில் கப்பலேறி
வேறு கண்டத்துக் கரி வந்தது, எங்கள் சுரங்க வாசலுக்கே.
பாதி தூள். கொஞ்சம் கல்.
கல்லுக்கும் கரி விலை.
மேடைக்குப் பேதம் தெரியாது, நிறுத்தேன்.

எங்கள் வீடு தெற்கே சாய்ந்திருக்கிறது.
அறுநூறு மீட்டர் அடியில் எடுத்ததற்கு
மேலே நாங்கள் கொடுத்தது இரண்டு டிகிரி.
மேசையில் ஆரஞ்சுப்பழம் நிற்காது.
தங்கை கணவன் ரைன்ஹோல்ட்
முன்பு கீழே மின்கம்பி இழுத்தவன்,
இப்போது சூரியத் தகடு மாட்டுகிறான்.
ஓட்டின் மேல் ஏறி மட்டம் வைத்துப் பார்த்துச் சிரித்தான்:
"சுரங்கமே உங்களை வெயில் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது!"
பதினோரு வருடமாக இழப்பீட்டு மனு அலுவலகத்தில் கிடக்கிறது.
அவர்கள் காதில் விழப் பேசாதே என்றேன்.

ஜூன் மாதம், ஞாயிறு மத்தியானம்.
செல்போனை நீட்டினான்:
சந்தையில் மின்சாரம் மைனஸ் நாற்பது.
வாங்குகிறவனுக்குக் காசு கொடுக்கிறார்கள்.
வெயில் கொட்டுகிறது, ஆலைகளுக்கு விடுமுறை,
அனல் நிலையமோ
அணைத்தால் மறுபடி மூட்டுவது செலவென்று
நஷ்டத்தில் எரிந்துகொண்டே இருக்கிறது.
அவனுக்கு வியப்பு. எனக்கு இல்லை.
மேடையில் பனி கிடக்கும்போது பூஜ்யம் வைத்துவிட்டால்
பனி உருகியதும் இதே கதைதான்:
மைனஸ் நாற்பது, மைனஸ் அறுபது.
ஒன்றும் நிற்காத இடம்
யாருக்கோ கடன்பட்டதுபோல் ஒளிரும்.

கரி மலிவா காற்று மலிவா என்று
மதுக்கடையில் கைகலப்பு வரை போகிறார்கள்.
பூஜ்யம் வைத்தபோது
மேடையில் எவ்வளவு பனி கிடந்தது,
அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

சங்கத்து எர்வின் சொல்கிறான்:
"காற்றாலைக்கு இரண்டு பேர் போதும்,
அதுவும் எங்கோ கடலில்.
நம் கூண்டு ஒரு தடவை இறங்கினாலே நாற்பது பேர்."
அவன் கணக்கிலும் பிழையில்லை.
சொல்லி முடித்து வெகுநேரம் இருமினான்.
அது இருபது கிலோவுக்குக் கீழே.

முப்பத்தொரு வருடம் நான் நிறுத்தேன்.
மார்ச் மாதம்
அவர்கள் நிறுத்தினார்கள்.

கடைசி லாரி போனபின்
மேடையில் ஏறி நின்றேன்,
கோட்டு, பூட்ஸ், சாவிக்கொத்து எல்லாவற்றோடும்.
ஜன்னலுக்கு அந்தப்பக்கம் சிவப்பு எண்: எண்பது.
இறங்கிப்போய் சாவியை ஒப்படைத்து
வந்து மறுபடி ஏறினேன்.

எண்பதுதான்.