இருநூற்றுத் தொண்ணூறு

லூசாகாவில் கரண்ட் போய்ப் பதினான்கு மணி நேரம்.
கன்யாமாவின் தகரக் கூரைகளுக்குக் கீழே
நமுகோலோவின் லேப்டாப்பில் மட்டும்
இருநூற்று முப்பது வோல்ட்
பிசிறில்லாமல் ஓடுகிறது,
நொடிக்கு ஐம்பது அலை.
பேட்டரி முப்பத்தொரு சதவீதம்.

முதலில் மென்பொருள் மறுத்தது.
தரை எங்கே என்று கேட்டது.
ஒன்றைவிட ஒன்று குட்டையாய் மூன்று கோடுகள்,
அந்தக் குறியைக் கொண்டுவந்து ஒட்டும்வரை
எதையும் அளக்கமாட்டேன் என்றது.
ஒட்டினாள்.

பிறகு இன்னொரு புகார்: பளு அதிகமாம்,
உண்மை நேரத்தோடு சேர்ந்து ஓட முடியாதாம்.
அங்கே ஒரு நொடி கடக்க
இங்கே நாற்பது.
அக்கா இனோங்கே இருமுறை புரண்டு படுத்துவிட்டாள்,
படத்தில் இன்னும் விடியவில்லை.

இனோங்கேயின் ஃப்ரீசர் செத்தது பதினேழாம் தேதி.
கரண்ட் போனதால் இல்லை,
வந்ததால்.
வந்த வேகத்தில் இருநூற்றுத் தொண்ணூறு.
கம்ப்ரசர் ஒருமுறை உறுமியது, அவ்வளவுதான்.
மோங்குவிலிருந்து பஸ்ஸில் வந்த நாற்பது கிலோ மீன்
மாலைக்குள் பாதி விலை,
மறுநாள் சும்மா கொடுத்தாலும் ஆளில்லை.

மென்பொருளுக்கு உச்சியைத்தான் சொல்ல வேண்டும்.
இருநூற்றுத் தொண்ணூறின் உச்சி நானூற்றுப் பத்து.
தட்டினாள்.
சென்சாரின் கோடு ஏறியது, ஏறி
கத்தரியால் வெட்டினாற்போல் தட்டையானது.
இன்னும் கூட்டினாள். அதே தட்டை.
இன்னும். அதே.
அடப்பாவி, உனக்குப் பார்வை இவ்வளவுதானா?

இல்லை.
வீட்டுக் கரண்டையே சட்டம் நிறைய
அழகாய்ப் பெரிதாய் வரையச் சொன்னது அவள்தான்.

சின்னத் திருகியைச் சுட்டியால் பிடித்து
இடப்பக்கம் திருப்பினாள்.
நல்ல கரண்ட் குட்டையானது,
நடுவில் ஒரு சிறு மேடு, பார்க்கவே பாவமாக.
மேலே காலியாய் விட்ட இடத்தில்
இப்போது அந்தப் பதினேழாம் தேதி
தலை வெட்டுப்படாமல் முழுசாக எழுந்து நின்றது.
ரிலே திறந்தது.
திரையில் வரைந்திருந்த பல்பு அணைந்தது.

பல்பு அணைந்ததற்குக் கைதட்டியவள்
இந்தத் தெருவில் இவள் ஒருத்திதான்.
"வந்துடுச்சா?" தூக்கத்தில் கேட்டாள் இனோங்கே.
"போயிடுச்சு. நல்லாப் போயிடுச்சு."

பேட்டரி நான்கு. சேமித்து மூடினாள்.

இரண்டு பத்துக்குத் தெருவே ஓவென்றது.
எதிர்வீட்டு சிலேஷேயின் டிவி
பாதிப் பாட்டிலிருந்து தொடங்கியது.
நமுகோலோ சுவிட்சைத் தொடவில்லை.
மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும்
பிளக் பாயின்ட்டில் செருகிவிட்டு
எண்கள் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று
இருட்டில் குந்தியிருந்தாள்.

இருநூற்றுப் பதினொன்று.
இருநூற்று அறுபத்திரண்டு.
இருநூற்று நாற்பத்தெட்டு, இல்லை, எழுபது.

மேஜையில் லேப்டாப்,
பக்கத்தில் சுருட்டி வைத்த சார்ஜர்.