முதுகெழுத்து

பெர்ன் ரயிலடியில் இறங்கி
பைண்டிங் என்று தேடினேன்.
கைபேசி கொண்டுபோய் நிறுத்தியது
பனிச்சறுக்குக் கடையில்.
காலணியைப் பலகையோடு பூட்டுவதற்கும்
அதே சொல்தானாம்.
கடைப்பையன் என் காகிதக் கட்டைப் பார்த்தான்,
என் வெறுங்கையைப் பார்த்தான்,
வாசல்வரை வந்து கீழ்த்தெருவைக் காட்டினான்.

அடுத்த கடையில் கம்பிச்சுருள்.
கறுப்பு அட்டை, வெள்ளி எழுத்து, பத்தே நிமிடம்.
நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

மூன்றாவது, தரைக்குக் கீழே.
இந்த ஊரில் நடைபாதையோரம்
கிணற்றை மூடியதுபோல் சாய்ந்த மரக்கதவுகள்.
ஒன்று திறந்திருந்தது.
நாலு படி இறங்கியதும்
முகத்தில் வந்து ஒட்டியது மைதாப் பசை.
பல்லடம் பேருந்து நிலையச் சுவரில்
நள்ளிரவில் போஸ்டர் ஒட்டுகிறவன் வாளியில் இருக்கும்
அதே புளிப்பு.

ரெகுலா ட்ஸ்பிண்டன், இடக்கைக்காரி,
வானொலியில் ஐஸ் ஹாக்கி கேட்டபடி
தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.
அவள் அணி தோற்றுக்கொண்டிருந்தது.

புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்.
புத்தகம் என்று நான்தான் சொல்கிறேன்.
மில் மில்லாகப் போய்
நூலை இழுத்து, அறுத்து,
அறுந்த எடையைக் குறித்துக் கையெழுத்திடுவது என் வேலை.
விடுதி அறையில் பதினாறு பக்கம் நிரம்பினால்
அந்த ஊரிலேயே தைக்கக் கொடுப்பேன்.
லீட்ஸில் ஒரு மடிப்பு. லியோனில் இரண்டு.
கெம்னிட்ஸில் ஒன்று.
அட்டை இன்னும் போடவில்லை.

எங்கள் மொழியில் இழைக்கும் புத்தகத்துக்கும்
ஒரே பெயர், நூல், என்றேன்.
ஓ, என்றாள்.
எதிரணி இன்னொரு கோல் போட்டது.

உள்ளே என்ன?
மனைவியிடம் போனில் சொல்ல விட்டுப்போனவை.

விளக்குக்கு நேரே தூக்கினாள்.
இது யார் போட்ட முடிச்சு?
லியோன்.
தெரிகிறது.

எனக்கும் தெரியும்.
லீட்ஸ்காரர் போட்டது மூன்றிழை லினன், தேன்மெழுகு ஏற்றியது;
லியோன்காரர் இரண்டிழையில் ஒப்பேற்றியிருந்தார்.
வாங்கும்போதே நகத்தால் முறுக்கைப் பிரித்துப் பார்த்தேன்.
பழக்கதோஷம். சண்டைக்குப் போகவில்லை.

முதுகில் ஒட்டியிருந்த காகிதத் துண்டை
ஈரத் துணியால் ஒற்றினாள்.
அது கருவேலம்பட்டை போல மெல்ல எழும்பியது.
அடியில் பென்சில் எழுத்து.
மூன்று கை, மூன்று மொழி.

அவளுக்கு மூன்றும் தெரியும். படித்தாள்.

"காகிதத்தின் நார் குறுக்கே ஓடுகிறது.
வாங்கியது அவர். என்னைக் குறைசொல்ல வேண்டாம்."

"நார் சரி ஐயா, இந்தத் துளைகள் யாருடையவை?"

மூன்றாவதை இரண்டு முறை வாசித்தாள்,
முதல்முறை தனக்குள்.

"இந்த ஆளிடம் கையுறை இல்லை.
அடுத்தவர் சொல்லவும்."

இரண்டு வருடம்
விமானத்தில் மடியிலும்
படுக்கையில் தலைமாட்டிலும் வைத்திருந்தேன்.
தலையெழுத்தை யாரும் படித்ததில்லை என்பார்கள்.
முதுகெழுத்து இருப்பதை எவரும் சொன்னதில்லை.

லியோன் முடிச்சை அவிழ்க்கட்டுமா என்றாள்.
இருக்கட்டும் என்றேன்.
உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தைத்தாள்.
ஊசி உள்ளே போய் வருகிற ஒலி
ஹாக்கிக் கூச்சலுக்கு நடுவிலும் கேட்டது.
மில்லில் ஆயிரம் கதிர் சுழலும் இரைச்சலில்
ஓர் இழை அறுந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.
இது அறுகிற சத்தமில்லை.

கடைசியில் காதிலிருந்து பென்சிலை எடுத்து
துண்டின் உட்புறம் நீளமாக என்னவோ எழுதினாள்.
நடுவில் ஒருமுறை என்னை ஏறிட்டுப் பார்த்தாள்,
மறுபடி எழுதினாள்.

என்ன எழுதினீர்கள்?
உங்களுக்கு இல்லை, என்று
பசையைத் தடவி ஒட்டிவிட்டாள்.
நாற்பது ஃபிராங்க்.
காய ஓர் இரவாகும். அதுவரை திறக்கக் கூடாது.

மேலே ஆறே பாகை.
கடை மூட இன்னும் இருபது நிமிடம் இருந்தது.
பனிச்சறுக்குப் பையன் இப்போதும் ஒன்றும் கேட்கவில்லை;
என் உள்ளங்கையை ஒரு கணம் பார்த்து
சரியான அளவை எடுத்து நீட்டினான்.

அடுத்த மாதம் கென்ட் நகரம்.
அங்கே யார் தைக்கிறார்கள் என்று
இன்னும் விசாரிக்கவில்லை.