எலும்பில்லாத சூப்

பொழுது சாய்ந்தால் ஆண்டு பிறந்துவிடும்.
மார்செய் துறைமுகத்திலிருந்து ஏறிவரும் காற்று
ஆறாம் மாடிச் சன்னலை உலுக்குகிறது.
பூசணிக் கீற்று, கேரட், டர்னிப், பாதிக் கோசு,
தழையோடு பீட்ரூட்,
இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலை,
மண் உதிரும் லீக் இரண்டு கட்டு.

எலும்பு வாங்கவில்லை.
பாஸ்காவுக்குப் பிறகு என் மகள் நொயெமி
இறைச்சியைத் தொடுவதில்லை.
முதுகெலும்பில்லாத சூப் என்பான் பிரோஸ்பேர்,
வந்தால்.
அப்பாவின் துணிக்கடை விற்ற பணத்தில்
யாருக்கு எவ்வளவு என்று
மூன்று வருடமாகத் தம்பிக்கும் எனக்கும்
கழித்தல் கணக்கு.

இறைச்சிக்கு ஒரு பானை, பாலுக்கு ஒரு பானை,
எங்கள் வீட்டில் இரண்டும் முகம் பார்ப்பதில்லை.
எந்தப் பக்கமும் சாயாத நீலப் பானையை
மேல்தட்டிலிருந்து இறக்கினேன்.
கைப்பிடி ஒன்று ஆடுகிறது.

லீக்கின் மடிப்புகளில் பூச்சி ஒளிந்திருக்கும்.
தின்னலாகாது.
இதழ் இதழாகப் பிரித்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
மூன்று தண்ணீர் அலசினேன்.

இன்றிரவு காய்க்கொரு வேண்டுதல் உண்டு.
பெயர் எப்படி ஒலிக்கிறதோ அதைக் கேட்போம்.
எபிரேயத்தில் பூசணி
கிழி என்றும் கேட்கும், வாசி என்றும் கேட்கும்:
தீய தீர்ப்பைக் கிழி, எங்கள் நல்லதை வாசி.
லீக், அறு என்று கேட்கும்:
எம்மைப் பகைப்பவர் அறுபடட்டும்.

நறுக்கும்போது ஒரு பெயர்
நாக்கு நுனிவரை வந்தது.
கத்தி விரலில் இறங்கியது.
ரத்தம் பட்டதையெல்லாம் குப்பையில் போட்டேன்,
ஒரு கட்டு முழுசாகப் போயிற்று.

எலும்பு தராத கனத்தை
வெங்காயம்தான் தரவேண்டும்.
எண்ணெயில் முக்கால் மணி நேரம்,
பொன்னிறம் தாண்டி, கருகலுக்கு ஒரு மூச்சு முன்னால் வரை.
மஞ்சள், இஞ்சி, நகக்கண் அளவு பட்டை.
கிழங்குகள் முதலில், பூசணி கடைசியில்
கரைந்தும் கரையாமலும்.
எலுமிச்சை பிழியவில்லை,
ஆண்டின் வாசலில் புளிப்பு ஆகாது.
கட்டுப்போட்ட விரலோடு
உப்பு போட்டேனா இல்லையா, நினைவில்லை.

மெழுகுவத்தி ஏற்றி முடித்து
வெகுநேரம் கழித்துக் கதவைத் தட்டும் சத்தம்.
பண்டிகை இரவில் மணியும் அழுத்தலாகாது, லிஃப்டும் ஏறலாகாது.
நூற்றெட்டுப் படி ஏறிய மூச்சிரைப்போடு
பிரோஸ்பேர்.
தலை நரைத்திருந்தது.
என்னைப் பார்க்கவில்லை, நொயெமியைப் பார்த்தான்.
அவள் காலண்டரைப் பார்த்தாள்.

லீக்குக்கான வேண்டுதலை
இருவரும் முணுமுணுத்தோம்,
மற்றவற்றைவிட வேகமாக.

முதல் கரண்டி வாயில் வைத்தான்.
"உப்பில்லை" என்றான்,
என்னிடம்.
உப்பில்லாப் பண்டம் குப்பைக்குப் போகும்.
இது போகவில்லை.
தட்டை நீட்டிக்கொண்டே இருந்தான்,
நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.
உப்புக் கிண்ணம் நொயெமியின் முழங்கைக்கு அருகில்
யாரும் எடுக்காமல் இருந்தது.