அடுத்த பெயரைக் கூப்பிடுமுன்

கோலக்கெட்டில் கடைவரிசையில்
டயர்க் கடைக்கு மாடியில் என் கிளினிக்.
ஒரு வலி இறங்கிப் போவதும்
இன்னொரு வலி ஏறி வருவதும்
ஒரே படிக்கட்டில்.
நடுவில் எனக்குக் கிடைப்பது
ஒன்பது நிமிடம்.
கரண்டு போனால் கொஞ்சம் கூட.

செங்கமலம் இப்போதுதான் போனார்.
பக்கவாதம் மடக்கிப்போட்ட இடக்கையில்
மூன்று மாதமாய் அசையாத சுண்டுவிரல்
இன்று ஒரு நெல்மணி அளவு அசைந்தது.
“இனிமே கொண்டைய நானே போட்டுக்குவேனா டாக்டரு?”
நான் டாக்டர் இல்லை, பிசியோ.
அதைத் திருத்துவதை விட்டு வருஷமாகிறது.
சுண்டுவிரலுக்கும் கொண்டைக்கும்
எத்தனை மைல் என்று எனக்குத் தெரியும்.
“பார்ப்போம்” என்றேன்.

அவர் போய்விட்டார்.
அந்தப் “பார்ப்போம்” மட்டும்
குடையை மறந்து திரும்பி வந்தவர் போல
அறைக்குள் நிற்கிறது.

முதலில் விரிப்பை உருவுகிறேன்.
அவர் உடம்பு விட்ட பள்ளம்
மெத்தையில் மெல்ல மேலெழும்பும்.
அது எழும்பி முடியும்வரை
வேறெதையும் தொடுவதில்லை.
அப்புறம் முழங்கை வரை சோப்பு.
தைல வாடை போகும்.
மற்றது போகாது.
அதற்குத்தான் சன்னல்.

சன்னலுக்குக் கீழே
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
ஆலைக்குப் போகும் சாலை.
ஒரு லோரி வரும்வரை செங்கமலத்தை நினைக்கலாம்.
அது டயர்க் கடையைத் தாண்டியதும்
நிறுத்திவிட வேண்டும்.
இதுதான் சட்டம்.
தீபாவளிக்கு மறுநாள் லோரியே வரவில்லை.
நோராய்னி கதவைத் தட்டும்வரை
நின்றுகொண்டே இருந்தேன்.

யாரும் சொல்லித்தந்த சட்டமில்லை.
போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை
மிஸ்டர் தானின் முழங்காலை முடித்த கையோடு,
அவர் பேச்சைக் காதிலிருந்து இறக்காமல்,
திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போய்
வேலாயியின் இடுப்பைத் தொட்டபடி கேட்டேன்:
“மகன் சிங்கப்பூர்லேர்ந்து போன் போட்டானா?”

வேலாயிக்குப் பிள்ளையே இல்லை.

குப்புறப் படுத்திருந்தவர்
தலையணைக்குள்ளிருந்து சொன்னார்:
“போட்டான் தாயி. நல்லா இருக்கானாம்.”
என் உள்ளங்கைக்குக் கீழே
இடுப்புத் தசை கல்லாய் இறுகியது.

அன்றிலிருந்து லோரி.

இப்போது ஒன்று போகிறது.
ஓரத்தில் ஒரு குலை சரிந்து தொங்குகிறது,
விழவில்லை.
போதும்.

அட்டையை எடுக்கிறேன்.
பூமாலை, நாற்பத்தேழு வயது.
இருபத்திரண்டு வருஷம்
நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி
வானத்தைப் பார்த்தே வேலை செய்தவர்.
வலது தோள்.
வலது, வலது என்று
என் வலது தோளைத் தட்டிச் சொல்லிக்கொள்கிறேன்.
மூச்சை எண்ணச் சொன்னார்கள் பயிற்சியில்.
எண்ணத் தொடங்கினால் எனக்குக் கடன் தவணை
ஞாபகம் வந்துவிடுகிறது.
தோளைத் தட்டுவதே நல்லது.

கதவின் மங்கல் கண்ணாடியில் ஓர் உருவம்.
அவர்தான். கால் மணி நேரம் முன்னதாகவே.
படிக்கட்டுக் குழாயில் குதிகால் சேற்றைக் கழுவிவிட்டு
ஈரக் கையால் தலையைப் படிய வைக்கிறார்.
வலது கையைத் தூக்கிப் பார்க்கிறார்.
காதுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது.
சுற்றிப் பார்த்துவிட்டு இறக்குகிறார்.

திங்கட்கிழமைக்குள் மண்டோருக்குக் கடிதம் வேண்டும்,
வேலைக்குத் திரும்பலாம் என்று.
நோராய்னி சொல்லியிருந்தாள்.

“இப்ப வலி இல்லீங்க,” மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறார்.
“வலியெல்லாம் இல்லீங்க.”
“சுத்தமா இல்லீங்க டாக்டர்.”
மூன்றாவது
நம்பும்படி இருக்கிறது.

இத்தனை நாள்
தயாராவது நான் மட்டும்தான் என்று
நினைத்திருந்தேன்.

இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கிறது.
அதை அவருக்கு விடுகிறேன்.
சட்டைப் பொத்தானைச் சரிசெய்யட்டும்.

பிறகு கதவைத் திறந்து
“வாங்க பூமாலை” என்று
கையை நீட்டுகிறேன்.

சிரித்துக்கொண்டே அவர்
இடது கையைத் தருகிறார்.